புகைமீன் போர்டில் எழுதாத பாதி

புகைமீன் கடை வைத்தவனுக்குக் கண்ணெரிச்சல் முதல் மாதத்தோடு போய்விடும், சட்டையில் ஏறிய மணம் ஆயுளுக்கும் போகாது. ஆனால் அவனை உண்மையில் கெடுப்பது அவனுடைய வாய்தான். நீங்கள் துணிக்கடை வைத்திருக்கலாம், பழக்கடை வைத்திருக்கலாம், பாமசி என்கிற மருந்துக்கடையே வைத்திருக்கலாம். சாமான் நல்லது என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லி மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இருந்தால் என் கஷ்டம் உங்களுக்கு விளங்கும். இல்லாவிட்டால் நீங்கள் இன்னும் வியாபாரம் தொடங்கவில்லை என்று அர்த்தம்.

என் கடை அலவத்துகொடவில், கண்டி–மாத்தளை வீதியோரம். நீர்த்தேக்கத்தில் பிடிக்கிற திலாப்பியாவும் திருகோணமலையிலிருந்து ஐஸில் வருகிற சூரையும் வாங்கி, வகிர்ந்து, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பெரல் என்கிற இரும்புப் பீப்பாய்க்குள் கம்பியில் தொங்கவிட்டு, தேங்காய்ப் பொச்சுமட்டையும் கறுவாப்பட்டை மரக் கட்டையும் போட்டுப் புகைய விடுகிறேன். பன்னிரண்டு வருடமாக இதுதான் தொழில். என் சொந்தப் பெயர் ஊருக்கு மறந்தே போய்விட்டது. எல்லோருக்கும் நான் மீன் நானா, அதாவது மீன் அண்ணன்.

போர்டு பிறந்த கதை

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உணவைப் பற்றிப் படிக்கிற யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன், பக்கத்து ஊரான அக்குறணையில் கூட்டாளி வீட்டுக்கு வந்தபோது என் கடைக்கும் வந்தான். மீனை முகர்ந்து பார்த்தான். "இதில என்னென்ன சத்து இருக்கெண்டு தெரியுமோ அண்ணை?" என்று கேட்டான். தெரியாது என்றேன். அவ்வளவுதான், அரை மணித்தியாலம் வகுப்பு நடந்தது. புகையில் தண்ணீர் வற்றிப்போவதால் சின்னத் துண்டிலேயே புரதம் நிறைய இருக்குமாம். சூரையில் மூளைக்கும் இருதயத்துக்கும் நல்ல கொழுப்பு உண்டாம். அவன் போன கையோடு நான் ஒரு கறுப்பு போர்டு வாங்கி, சோக்குக் கட்டியால் எழுதி வாசலில் மாட்டினேன்: "புகைமீன்! புரதம் – உடம்பு வளர. ஒமேகா மூன்று – மூளைக்கும் இருதயத்துக்கும். விட்டமின் டீ – எலும்புக்கு. விட்டமின் பீ பன்னிரண்டு – இரத்தத்துக்கு. சிறுவர், பெரியவர் அனைவருக்கும்!"

அடுத்த மாதம் அந்தப் பையன் திரும்ப வந்தான். நான் போர்டைக் காட்டிவிட்டு, பாராட்டுக்காக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவன் இடுப்பில் கை வைத்து இரண்டு தரம் வாசித்தான். உப்பு அதிகம், ஊறவைத்துக் கழுவித்தான் சமைக்க வேண்டும், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது, பிரஷர் உள்ளவர்கள் கவனம், தினமும் தின்கிற சாமான் அல்ல என்றெல்லாமும் அவன் அன்றைக்குச் சொல்லியிருந்தான்தான். போர்டில் இடம் போதவில்லை என்று சமாளித்தேன். கீழே ஒரு முழம் இடம் சும்மா கிடந்தது. அவன் அந்த இடத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அண்ணை, நான் சொன்னதில பாதியைத்தான் எழுதியிருக்கிறியள், மற்றப் பாதிதான் முக்கியம்."

வேளைக்கு எத்தனை

போர்டு மாட்டிய பிறகு சனம் மீன் வாங்குவதை விட்டுவிட்டு மருந்து வாங்கத் தொடங்கியது. முட்டி வலிக்கு எந்த மீன், முடி கொட்டினால் எந்த மீன், மகள் இராவில் பல் கடிக்கிறாள், அதற்கு ஏதும் உண்டா. நானும் தெரியாது என்று சொல்லவில்லை. ஒரு சொல்லில் தெரியாது என்று முடிக்க வேண்டிய இடத்தில் பத்து நிமிடம் பேசினேன். கடை வைத்திருக்கும் உங்களுக்கு இது தெரியாததா.

ஒரு நாள் மிளகுத் தோட்டம் வைத்திருக்கிற ஹாஜியார் ஒருவர் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து போர்டை ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். இரண்டு திலாப்பியாவைப் பக்கெட்டில், அதாவது பொட்டலத்தில், வாங்கி, பக்கெட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மகன், மறந்து போகும், இதுலயே எழுதித் தாங்க; சாப்பாட்டுக்கு முன்னமா, பின்னமா?"

தலை மட்டும் போதும்

சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் பிள்ளைகளைவிடத் தாய்மார்தான் மெலிந்துபோவார்கள். அப்படி மெலிந்துபோன ஒரு தாத்தா (எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரியைத் தாத்தா என்போம்) போர்டில் மூளை என்ற சொல்லைக் கண்டதும் கடைக்குள் ஏறினார். உடம்பு வேண்டாமாம், மீன் தலை மட்டும் வேண்டுமாம். மீனின் மூளை தலையில்தானே இருக்கும் என்பது அவருடைய வாதம். சதையில்தான் சத்து என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மனிதனுக்கு மூளை எங்கே இருக்கிறது என்று என்னைத் திருப்பிக் கேட்டார். பிறகு இரண்டு மாதமாக அவருடைய மகனுக்காகத் தலை தலையாகக் கட்டிக் கொடுத்தேன்.

பரீட்சைப் பெறுபேறு வந்த கிழமை அவர் வருகிறதைத் தூரத்திலேயே கண்டு பெரலுக்குப் பின்னால் ஒதுங்கினேன். பின்பக்கத்தால் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் தாத்தா சிரித்த முகத்தோடு வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மகன் கணிதத்தைத் தவிர எல்லாவற்றிலும் நன்றாகச் செய்திருக்கிறானாம். பிறகு பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"நானா, மத்த எல்லாப் பாடத்துக்கும் ஒங்கட மீன் சரி, கணக்குக்கு வேற மீன் ஏதும் ஈக்கா?"

எங்கள் வீட்டுக் கோடு

இனி வெளியில் யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு ஸஹ்ரா என்று மூன்றரை வயதில் ஒரே மகள். கிளினிக்கில் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் கொடுப்பார்கள். நிறுக்கிற ஒவ்வொரு தரமும் அதில் ஒரு புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்கள். கோடு பச்சைக்குள் ஏறிக்கொண்டு போக வேண்டும். எங்கள் மகளுடைய கோடு பச்சையை விட்டு இறங்கி, செம்மஞ்சளுக்குள் படுத்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வளர்ச்சி விற்கிறவனுடைய பிள்ளை வளரவில்லை. பயமும் இருந்தது, வெட்கமும் இருந்தது. எது கூட என்று கேட்டால் இன்றைக்கு உண்மையைச் சொல்கிறேன், முதலில் வெட்கம்தான் கூடவாக இருந்தது.

அதனால் அடுத்து நிறுக்கிற நாள் வரைக்குமான இரண்டு மாதத்துக்கு ஒரு திட்டம் போட்டேன். பாலர் வகுப்பு விட்டதும் மனைவி பஸீலா மகளைக் கடைக்குக் கூட்டிவருவாள். நான் சூரையில் முள்ளில்லாத இரண்டு துண்டுகளை எடுத்து ஸஹ்ராவின் கையில் வைப்பேன். அவள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு பெரலுக்குப் பின்னால் போவாள். கொஞ்ச நேரத்தில் வந்து இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுவாள். வெறுங்கை! "மாஷா அல்லாஹ்!" என்று தூக்கிக் கொஞ்சுவேன். வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம், என் மகள் நாளைக்கு இரண்டு துண்டு தின்கிறாள் என்று அடித்துவிடுவேன். பக்கெட் கட்டுகிற வேலை பஸீலாவுடையது, ஆகவே அவள் மனைவி மட்டுமல்ல, சக ஊழியரும்கூட. நான் இப்படிப் பேசும்போதெல்லாம் கட்டுகிற கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள்.

"ரெண்டு துண்டு திங்கிற புள்ளேட கவுன் ஏன் இன்னும் தோள்லேருந்து வழுகுது?"

கறுப்பியின் பளபளப்பு

என் கடையைச் சுற்றி ஒரு கறுப்புப் பூனை திரியும். நான் அதற்கு ஒரு துண்டு கூடப் போட்டதில்லை. அதில் நான் கண்டிப்பானவன். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் கறுப்பி ஆளே மாறிவிட்டது. எலும்பு தெரிந்த உடம்பு உருண்டது. மேனியில் எண்ணெய் பூசிய மாதிரி ஒரு பளபளப்பு. நடையில்கூட ஒரு முதலாளித்தனம் வந்துவிட்டது. புகை மணத்தைக் குடித்தே இப்படி ஆகிவிட்டது போல என்று நான் நம்பினேன். நம்பியது மட்டுமா, நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

மாத்தளை பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு ஆசிரியர் பூனையையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மூன்று மீன் வாங்கினார். போகும்போது ஒரு யோசனையும் சொல்லிவிட்டுப் போனார்.

"போர்ட அழிச்சிட்டு இந்தப் பூனைய வாசல்ல ஒக்கார வைங்க, வியாபாரம் தன்னால நடக்கும்."

டொக்டரின் அழைப்பு

கட்டுகஸ்தோட்டையில் இருக்கிற ஞானம் ஐயா, ஓய்வு பெற்ற அலுவலக எழுதுவினைஞர், கத்தோலிக்கர். தவக்காலத்தில் இறைச்சியை விட்டுவிட்டு மீனுக்கு வருவார். இந்த முறை போர்டை வாசித்துவிட்டு, இருதயத்துக்கு நல்லது என்றிருக்கிறதே என்று நாற்பது நாளும் புகைமீனையே பிடித்துக்கொண்டார். ஊறவைக்காமல், கழுவாமல், அப்படியே தணலில் வாட்டி, பேக்கரிப் பாணோடு. நாற்பது நாள் முடிந்து கிளினிக்குக்குப் போனால் பிரஷர் மேலே போய் நிற்கிறது.

அவர் என்னோடு சண்டைக்கு வரவில்லை. அதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. கடை முன்னால் நின்று, போர்டின் கீழே வெறுமையாகக் கிடந்த ஒரு முழ இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இன்றைக்கே எழுதிவிடுகிறேன் ஐயா என்றேன். சோக்கைத் தேடினேன், கிடைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

"என்ன சாப்பிட்டீங்கன்னு டொக்டர் கேட்டாரு, ஒங்க போர்டப் பாத்துதான் சாப்பிட்டேன்னு சொன்னேன், அடுத்த தடவ வர்றப்ப அந்த போர்டையும் கூட்டிட்டு வாங்கன்னுட்டாரு."

தராசின் முன்னால்

மகளை நிறுக்கிற நாள் வந்தது. இந்த முறை நானே கூட்டிப் போனேன். இரண்டு மாதம் நாளைக்கு இரண்டு துண்டு, கோடு பச்சையில் ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா. போகும்போதும் இரண்டு துண்டு கையில் கொடுத்துத்தான் கூட்டிப் போனேன். நீள வாங்குப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்த தாய்மாரில் பாதிப்பேர் என் வாடிக்கையாளர்கள். பிள்ளைகளை நிறுக்கிற குடும்ப நல மாது ஸ்டெல்லா மிஸி கண்டிப்பானவர், ஆனால் பிள்ளைகள் அவரைக் கண்டு அழுவதில்லை. ஸஹ்ரா நிறுக்கிற மிஷினில் ஏறினாள். "அட, இரண்டு மாசத்துல முன்னூறு கிராம் கூடியிருக்கே!" என்றார் மிஸி. நான் வாங்குப் பக்கம் திரும்பி, பார்த்தீர்களா என்பது போல் நின்றேன்.

மிஸி புள்ளி வைக்கப் பேனையை எடுத்தவர், மூக்கைச் சுருக்கினார். குனிந்து ஸஹ்ராவின் கவுன் பைக்குள் கைவிட்டார். நோட்டுக் கொப்பித் தாளில் சுற்றிய சூரைத் துண்டுகள் வெளியே வந்தன. இன்றைய இரண்டு, நேற்றைய இரண்டு. மறுபடி நிறுத்தார்கள், முன்னூறு கிராமையும் காணவில்லை. மிஷின் பிழை என்று நானே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் பார்த்தேன். அது என் நிறையைச் சரியாகக் காட்டியது. "நேத்து கறுப்பி வரல்ல வாப்பா" என்று ஸஹ்ரா மெதுவாகச் சொன்னாள். இரண்டு மாதமும் மீன் எங்கே போனது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆனால் நிறையைக் கூட்டிக் காட்ட நான்தான் பையில் போட்டுவிட்டேன் என்று வாங்கு முழுக்க முடிவெடுத்துவிட்டது. அல்லாஹ் மேல் ஆணையாக எனக்குத் தெரியாது என்றேன். யார் நம்புவார்கள்? மிஸி மீனைத் திரும்ப என் கையில் வைத்தார்.

"நானா, மீன் புள்ள வயித்துக்குள்ள போனாதாங்க நெற கூடும், சட்டப் பைக்குள்ள போட்டா கோடு ஏறாதுங்க."

வாப்பாவின் பீங்கான்

அன்று மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மானம் போனது ஒரு பக்கம். ஆனால் என்னைக் குத்தியது வேறு. வேண்டாம் என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு வாய் வரவில்லை. வெறுங்கையைக் காட்டினால் வாப்பா சந்தோஷப்படுகிறார் என்று கண்டுபிடித்து, எனக்காகத் தினமும் கையைக் காட்டியிருக்கிறாள். நான் அவள் கையைத்தான் பார்த்தேன், கையைவிடப் பக்கத்தில் இருந்த அந்த மெலிந்த முகத்தைப் பார்க்கவில்லை.

மிஸி எங்களை ஓரமாக உட்காரவைத்து வழி சொல்லிக் கொடுத்திருந்தார். மீனைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, இரண்டு தரம் கழுவி, உப்பை இறக்கி, முள் பார்த்து உதிர்த்து, பருப்போடும் பூசணிக்காயோடும் சோற்றில் பிசைந்து கொடுக்க வேண்டும். கிழமைக்கு இரண்டு நாள் போதும், மற்ற நாளில் முட்டையும் கடலையும் கீரையும். முக்கியமாக, நின்றுகொண்டு கையில் கொடுக்காமல், கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்ததும் கடையைத் திறக்காமல் மகளோடு பாயில் உட்கார்ந்தேன். பஸீலா மகளுடைய பீங்கான் தட்டில் மீன் சோறு வைத்தாள். என் பீங்கானில் வழக்கம்போல முட்டைப் பொரியல்.

ஸஹ்ரா தன் பீங்கானைப் பார்த்தாள், என் பீங்கானைப் பார்த்தாள். சோற்றுக்கு வாயைத் திறக்கவில்லை. "ஏன் மகள்?" என்றேன். "வாப்பா ஒரு நாளும் திங்கிறல்லதானே, அப்ப நான் ஏன்?" என்றாள். பஸீலா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பிள்ளை சொன்னது உண்மை. காலையிலிருந்து மாலை வரைக்கும் அந்தப் புகைக்குள் நிற்கிறவனுக்கு அதை வாயில் வைக்க மனம் வராது. பன்னிரண்டு வருடமாக நான் புகைமீன் தின்றதில்லை. போர்டில் நான் எழுதாத பாதியில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு வழியில்லாமல் அவள் பீங்கானிலிருந்து ஒரு பிடி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டேன். மென்றேன். அல்ஹம்துலில்லாஹ், என்ன ருசி! இன்னொரு பிடி எடுத்தேன். மூன்றாவது பிடிக்குக் கை போகும்போது, ஒரு சின்னக் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"வாப்பா, அது என்ட சோறு; எனக்கும் தாங்க!"

மற்றப் பாதி

அடுத்த நாளே சோக்கு கிடைத்துவிட்டது. தேடினால் கிடைக்கிற இடத்தில்தான் இருந்தது. கீழே கிடந்த ஒரு முழ இடம் போதாமல் ஓரத்திலெல்லாம் எழுதினேன்: உப்பு உண்டு, ஊறவைத்துக் கழுவவும், ஒரு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேண்டாம், பிரஷர் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்கவும், இது மருந்தல்ல, மீன். ஞானம் ஐயாவுக்கு முதலில் காட்டினேன். வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தேன். கொஞ்சம் குறைந்தது, பிறகு பழையபடி வந்துவிட்டது. ஹாஜியார் மட்டும் மருந்தல்ல என்ற வரியை வாசித்துவிட்டு, மனம் உடைந்து ஒரு கிழமை வரவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி கிளினிக். மிஸி முதல் வேலையாக ஸஹ்ராவின் கவுன் பையை வெளியே இழுத்துப் பார்த்தார். ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. அதையும் எடுத்து மேசையில் வைத்தார். மகள் மிஷினில் ஏறினாள். வாங்கில் இருந்த தாய்மார் எழுந்தே நின்றுவிட்டார்கள். நான் மிஸியின் பேனையையே பார்த்தேன். புள்ளி விழுந்தது. கோடு செம்மஞ்சளை விட்டுப் பச்சையின் ஓரத்தைத் தொட்டிருந்தது. ஓரம்தான், ஆனால் பச்சை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, புகையைச் சாட்டக்கூட அங்கே புகை இல்லை. "நீங்களும் ஏறுங்க நானா, போன தடவ மிஷின் பிழைன்னீங்களே" என்றார் மிஸி. ஏறினேன். அவர் மிஷினின் முள்ளைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், பிறகு வாங்கு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"புள்ள ஒரு கிலோ கூடியிருக்கு, வாப்பா நாலு கிலோ கூடியிருக்கீங்க, பெரியவங்க அளவா சாப்பிடணும்னு போர்டுல இன்னொரு வரி எழுதுங்க."

பன்னிரண்டு வருடமாக ஊருக்குச் சத்து விற்ற எனக்கு, விற்கிறவனும் அதைப் பிள்ளையோடு உட்கார்ந்து தின்ன வேண்டும் என்பதைச் சொல்லித் தர மூன்றரை வயதுக்காரி ஒருத்தி வேண்டியிருந்தது. இந்த ஏற்பாட்டில் மெலிந்துபோன ஒரே ஆள் கறுப்பிதான், அது இப்போது என் போர்டுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறது.